பெருங்காயம் மணக்கவில்லை: கட்டியா, பொடியா, எப்போது போடுவது?

கேள்வி | 08-06-2024, காலை 10.15

சாம்பாருக்கு அரை ஸ்பூன் பெருங்காயப்பொடி போடுகிறேன். அம்மா வீட்டில் சாம்பார் கொதித்தால் தெருமுனை வரை மணக்கும். என் சாம்பாரில் ஒன்றுமே தெரியவில்லை. மூன்று கம்பெனி மாற்றிப் பார்த்துவிட்டேன். இப்போது வருவதெல்லாம் கலப்படம் என்று நினைக்கிறேன். கட்டிப் பெருங்காயம் வாங்குகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அதுவாவது மணக்கிறதா?

08-06-2024, பகல் 1.40

பொடியை எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே. கொதிக்கிற சாம்பாரில் மேலாகத் தூவினால் எந்தக் கம்பெனிப் பொடியும் கைகொடுக்காது. பெருங்காயம் ஒரு செடியின் பிசின். எண்ணெயில் பொரிந்தால்தான் அதற்கு உயிர் வரும். எண்ணெய் காணாத பெருங்காயத்தைப் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

கட்டி மணக்கிறது. எங்கள் வீட்டில் நான் சமைக்க ஆரம்பித்த நாளிலிருந்து கட்டிதான். பொடியில் பாதிக்கு மேல் மாவு. கட்டி சுத்தம். (இந்த வரி தப்பு. கீழே 04-10-2024 குறிப்பைப் பாருங்கள்.)

08-06-2024, இரவு 9.20

மத்தியானம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு எழுதினேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

திருநெல்வேலி டவுனில் அப்பாவுக்குச் சின்ன மளிகைக்கடை. பெருங்காயம் அப்போது செங்கல் துண்டு மாதிரி கட்டியாக வரும், மேலே பிசுபிசுவென்று தாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்பா அதைப் பாக்குவெட்டியால்தான் வெட்டுவார். அந்தப் பாக்குவெட்டியை வேறு எதற்கும் தொடவிடமாட்டார். "ரெண்டு ரூவாய்க்குக் காயம் குடுங்க அண்ணாச்சி" என்று வருகிறவர்களுக்கு, தராசில் ஏற்றாமல் கைப்பதத்திலேயே ஒரு சில்லு வெட்டி, பேப்பரில் மடித்துக் கொடுப்பார். கடை சாத்தி வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினாலும் சாப்பிடும்போது அந்த விரல் வாசம் போகாது. எனக்குப் பெருங்காயம் என்றால் முதலில் அப்பாவின் வலது கைதான்.

அம்மா அந்தச் சில்லை நல்லெண்ணெய் காய்வதற்கு முன்பே தாளிப்புக் கரண்டியில் போட்டுவிடுவாள். அது எண்ணெயோடு சேர்ந்தே சூடாகி, மெதுவாக உப்பி, ஓரம் பொன்னிறமானதும்தான் கடுகு. நான் ஒருமுறை கடுகு வெடித்த பிறகு கட்டியைப் போட்டேன். வெளியே கருகி உள்ளே பச்சையாக நின்றுவிட்டது. "ஏட்டி, காயத்தக் கடைசில போட்டா அது எப்பப் பொரிய?" என்றாள்.

பொடிக்கு நேர் எதிர். மாவு கலந்த பொடி காய்ந்த எண்ணெயில் இரண்டு எண்ணுவதற்குள் கருகிக் கசந்துவிடும். கடுகு, வெந்தயம், மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் முடிந்து, அடுப்பை அணைத்து, அப்புறம் பொடி. போட்ட கையோடு குழம்பில் கொட்டிவிட வேண்டும். கட்டி முதலில், பொடி கடைசியில். இந்த ஒரு வரியை மட்டும் நாளைக்குச் செய்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

09-06-2024, காலை 7.05

அரை ஸ்பூன் என்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் போட்டால் நாலு பேர் சாம்பாருக்குக் கால் ஸ்பூன் பொடியே தாராளம். அளவு மிஞ்சினால் சாம்பார் நாட்டு மருந்து மாதிரி ஆகிவிடும்.

11-06-2024, இரவு 8.50

"எங்கள் வீட்டில் எண்ணெயிலேயே போடமாட்டோம், தண்ணீரில் ஊறவைத்து ஊற்றுவோம், நன்றாகத்தான் மணக்கிறது" என்று கும்பகோணத்து அக்கா ஒருவர் எழுதியிருந்தார். எண்ணெய் இல்லாமல் வாசம் வராது என்று நான் அடித்துச் சொன்னதற்கு அது நேர் எதிராக இருந்ததால் இன்றைக்குச் செய்தே பார்த்துவிட்டேன்.

ஒரே தக்காளி ரசத்தை மூன்று கிண்ணமாகப் பிரித்தேன். முதல் கிண்ணத்தில் பொடியைக் கொதிக்கும்போது தூவி ஐந்து நிமிஷம் விட்டேன். இரண்டாவதில் கட்டியை நெய்யில் பொரித்து நசுக்கிப் போட்டேன். மூன்றாவதில், காலையிலேயே கால் டம்ளர் வெந்நீரில் ஊறப்போட்ட கட்டியின் தண்ணீர். அது மோர் நிறத்தில் பால் மாதிரி திரண்டிருந்தது. நுரை கூடி இறக்கும்போது இரண்டு ஸ்பூன் ஊற்றி உடனே மூடிவிட்டேன்.

முதல் ரசம் கொதிக்கும்போது அடுக்களையே கமகம என்றிருந்தது. தட்டில் ஊற்றினால் தக்காளி மட்டும்தான் இருக்கிறது. வாசம் அத்தனையும் ஆவியோடு போய்விட்டது. தெருமுனை வரை மணக்கிற சாம்பார் என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அப்படி மணக்கிறபோது சாம்பாரை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம் போலிருக்கிறது. உங்கள் அம்மா கடைசியில் தாளித்துக் கொட்டி மூடியிருப்பார்கள், கேட்டுப்பாருங்கள்.

இரண்டாவது, எனக்குப் பழகிய ருசி. வெங்காயம் வதக்கின மாதிரி ஒரு இனிப்பு பின்னால் நிற்கும்.

மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. அது வேறு வாசம். கூர்மையாக மூக்கில் ஏறுகிறது, தொண்டையில் நிற்கவில்லை, மிளகோடும் சீரகத்தோடும் சேர்ந்துகொள்கிறது. ரசத்துக்கு இதுவே மேல் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். நானும் மறுக்கவில்லை.

கூட்டிப் பார்த்தால் விஷயம் இதுதான்: பெருங்காயத்தில் எண்ணெயில் கரைகிற பிசினும் உண்டு, தண்ணீரில் கரைகிற கோந்தும் உண்டு. கோந்து கரையும்போது பிசினையும் வாச எண்ணெயையும் நுண்ணிய துளிகளாகத் தாங்கிக்கொள்கிறது. பால் நிறம் அதனால் வருவது. ஆகவே என் முதல் குறிப்பில் எழுதிய "எண்ணெய் காணாத பெருங்காயம்" வரியை அடித்துவிடுங்கள். குழம்புக்கும் பொரியலுக்கும் எண்ணெய். ரசத்துக்கும் நீர்மோருக்கும் தண்ணீர், அதுவும் இறக்கும்போது.

12-06-2024, மாலை 5.30

பொடியைக் கரண்டியில் வைத்துக் கொளுத்தினேன், எரியவில்லை, ஆக கலப்படம்தான் என்று ஒரு தம்பி படத்தோடு போட்டிருக்கிறார். அந்தச் சோதனை உண்மையான சோதனைதான். நல்ல பெருங்காயத்தை எவர்சில்வர் கரண்டியில் வைத்துக் கொளுத்தினால் கற்பூரம் மாதிரி சுடர் விட்டு எரியும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்கிறது. ஆனால் தம்பி வைத்திருப்பது கூட்டுப் பெருங்காயம். டப்பாவைத் திருப்பினால் சின்ன எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். கோந்து, மாவு, பெருங்காயம் மூன்றும் சேர்த்துச் செய்வது. சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆல்கஹாலில் கரையும் பகுதி தனிப் பெருங்காயத்தில் 12 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, கூட்டுப் பெருங்காயத்தில் 5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று இரண்டுக்கும் தனித்தனி அளவே வைத்திருக்கிறார்கள். மாவு சேர்த்ததை லேபிளில் சொல்லிவிட்டு விற்பது ஏமாற்று ஆகாது. நாம்தான் படிப்பதில்லை.

நானும் இரண்டையும் எரித்துப் பார்த்தேன். பொடி எரியவே இல்லை, புகைந்து கருகியது. என் கட்டி சட்டென்று பிடித்து, நீலமும் மஞ்சளுமாகக் கொஞ்ச நேரம் எரிந்து, சடசடத்து அணைந்தது. முழுக்க எரியவில்லைதான். அடியில் கரி தங்கிவிட்டது. கருகின சப்பாத்தி வாசம் கொஞ்சம் வந்தது, கரண்டியில் முன்பே ஏதாவது ஒட்டியிருந்திருக்கும். மற்றபடி கட்டி நல்லதே.

20-06-2024, பகல் 12.10

பூண்டு போட்டால் பெருங்காயம் போடலாமா என்று ஒரு சண்டை மேலே போய்க்கொண்டிருக்கிறது. என் கட்சி: வேண்டாம். இரண்டிலும் கந்தகம் சேர்ந்த வாசம்தான், ஒன்று போதும். வெங்காயமும் பூண்டும் சேர்க்காத வீடுகள் பெருங்காயத்தை அந்த இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் சொதிக்கு, பூண்டும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் இருக்கிறதால், அம்மா பெருங்காயம் தொடவே மாட்டாள். பூண்டுக் குழம்புக்கும் அப்படியே. ஆனால் கொத்தவரங்காய், வாழைக்காய், மொச்சை, காராமணி என்றால் பூண்டு போட்டாலும் ஒரு சிட்டிகை காயம் விழும். அது ருசிக்கு இல்லை, வாயுவுக்கு. ஆகவே இதில் சண்டைக்கே இடமில்லை, எந்தக் காய் என்று கேட்டுக்கொண்டால் முடிந்தது.

பழைய ஆட்கள் கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் ஐந்தையும் சேர்த்து ஐங்காயம் என்பார்கள். காயம் என்றாலே காரமும் நெடியும் உள்ள பண்டம்தான். வெங்காயத்தில் இருப்பதும் அதே காயம். "காயம்" என்று மொட்டையாகச் சொன்னால் எங்கள் பக்கம் பெருங்காயம்.

காலி பெருங்காய டப்பா என்று மனிதர்களைச் சொல்கிறோம். அப்பா கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. பெருங்காயம் வைத்திருந்த தகர டப்பாவில் இப்போது அம்மா தையல் சாமான் வைத்திருக்கிறாள். போன மாதம் அதிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து என் ரவிக்கையில் தைத்தேன். தைத்து முடிக்கும்வரை வாசம் இருந்தது.

07-07-2024, காலை 11.00

சாம்பார் பொடிக்குக் கட்டியை எப்படி அரைப்பது, மிக்ஸியில் ஒட்டிக்கொள்கிறது என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். நேற்றுதான் அரை கிலோ மல்லிக்குப் பொடி இடித்தேன், செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

கட்டியை உறையிலிருந்து எடுத்து ஒரு நாள் முழுக்க வெயிலில், தட்டில் அரிசி மாவு தூவி அதன்மேல் வைத்தேன். மாவு தூவாவிட்டால் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலையில் ஈரப்பசை போய் இறுகியிருந்தது. துணியில் சுற்றி அம்மிக்குழவியால் ஒரே போடு. புளியங்கொட்டை அளவுக்குத் துண்டுகள் வந்தன. பெரிய துண்டு மிஞ்சினால் திரும்பவும் தட்டுங்கள். இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள்.

இரும்புக் கரண்டியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், அடுப்பு சிம்மில். எட்டுத் துண்டு மட்டும் போட்டேன். முதலில் எண்ணெயில் சும்மா கிடக்கும். ஒரு நிமிஷம் கழித்து ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டும். பிறகு ஒவ்வொரு துண்டும் வற்றல் பொரிகிற மாதிரி உப்பி இரண்டு மடங்காகும், காபி நிறம் வெளுத்துத் தேன் நிறத்துக்கு வரும். திருப்பிப் போட்டு, கரண்டிக் காம்பால் ஒன்றை அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே மெத்தென்று இருந்தால் இன்னும் வேகவில்லை. "மொறுக்" என்று உடைந்தால் பதம். ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன், உள்ளே தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருந்தது. அப்படி இருந்தால் மிக்ஸி பிளேடில் ஒட்டாது.

எடுத்துத் தாளில் வடித்து நன்றாக ஆறவிடுங்கள். வெதுவெதுப்பாக அரைத்தால் திரும்பப் பிசினாகிவிடும். ஆறினதும் ஒரு பிடி கல்லுப்போடு சேர்த்து அரைத்தால் மாவாகிவிடுகிறது. உப்பை அப்புறம் பொடியின் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

07-07-2024, இரவு 10.15

விட்டுப்போனது: பொரித்த எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். மாவடுவிலோ ஆவக்காயிலோ ஊற்றுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் மறுநாள் இட்லி மிளகாய்ப் பொடிக்குக் குழைத்துக்கொள்ளலாம். நான் அதைத்தான் செய்தேன்.

21-07-2024, மாலை 6.40

பெருங்காயம் தமிழ்நாட்டில் எங்கே விளைகிறது என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். எங்கேயும் இல்லை. நாம் இத்தனை தலைமுறையாகச் சாப்பிடுவதும், கோயில் புளியோதரையில் மணப்பதும் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கத்து வறண்ட மலைகளில் விளைவது. கொத்தமல்லி, சீரகம், சோம்பு இவற்றின் குடும்பத்துச் செடி. பூவும் குடை விரித்த மாதிரியே இருக்கும். வாசம் இருப்பது தரைக்குள் இறங்கிய முள்ளங்கி மாதிரி தடித்த வேரில். செடிக்கு நாலைந்து வயதானதும் வேரின் தலைப்பைச் சீவிவிடுவார்கள். பால் கசிந்து இறுகும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பச் சீவுவார்கள். பால் நிற்கிறவரை இப்படியே. அந்தச் செடி அத்தோடு சரி.

இந்தியாவில் முதல் நாற்றை நட்டது 2020 அக்டோபர் 15ஆம் தேதி, இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் குவாரிங் என்ற ஊரில். பாலம்பூரில் இருக்கிற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் ஈரானிலிருந்து விதை வரவழைத்து நாற்றாக்கியது. அப்போது அவர்கள் சொன்ன கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 1,200 டன் கச்சாப் பெருங்காயம் நாம் இறக்குமதி செய்கிறோம். உலகத்திலேயே அதிகமாக இதைச் சாப்பிடுகிற நாடு ஒரு செடிகூட வளர்க்காமல் இருந்திருக்கிறது.

வருகிற கச்சாப் பெருங்காயம் அப்படியே சமையலுக்கு ஆகாது. அவ்வளவு காட்டம். அதனால் அதைக் கோந்தும் மாவும் சேர்த்துத் தணிக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்து ஹாத்ரஸ் ஊருக்கு அந்தத் தொழிலில்தான் பேர். நான் இதுவரை மாவு சேர்ப்பதை ஏதோ குறை மாதிரி எழுதிவந்தேன். நீர்க்காத பெருங்காயத்தை ஒரு சிட்டிகை போட்டால் ஒரு பானை சாம்பாரும் வீண். அளந்து போட வசதியாகத்தான் அந்த மாவு.

03-10-2024, இரவு 11.30

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. இப்போது வந்தது, நான் ஜூன் மாதம் எழுதிய ஒரு வரியைத் திருத்துவதற்காக.

காலாண்டு லீவுக்குத் தம்பி குடும்பம் வந்திருந்தது. அவன் மகனுக்குப் பத்து வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுக்குக் கோதுமை ஆகாது என்று கண்டுபிடித்தார்கள். சீலியாக் என்று பேர். சப்பாத்தி, பிஸ்கட், ரவை, சேமியா, மைதா ஒன்றும் கூடாது, ஒரு துளிகூட. குடல் உள்ளே புண்ணாகிவிடும். அவன் வருகிறான் என்று வீட்டில் கோதுமை மாவு டப்பாவைப் பரண்மேல் ஏற்றினேன். தோசைக்கல்லைப் புதிதாக வாங்கினேன். நாலு நாளும் அரிசி, பருப்பு, காய், மோர். குழந்தை ரசம் விரும்பிச் சாப்பிட்டான். "அத்தை, உங்க ரசம் மட்டும் வேற மாதிரி இருக்கு" என்று டம்ளரில் வாங்கிக் குடித்தான். நானும் இங்கே எழுதின மாதிரி, இறக்கும்போது பெருங்காயத் தண்ணீர் இரண்டு ஸ்பூனுக்கு மூன்று ஸ்பூனாக ஊற்றினேன். வெயில் என்று நீர்மோரிலும் அதே தண்ணீர்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். ராத்திரி முழுக்கப் போய்க்கொண்டே இருந்தது. தம்பி பொண்டாட்டி ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் அடுக்களையில் நின்று ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பித் திருப்பிப் படித்தாள். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம் நின்றுவிட்டது. திரும்பினால், கட்டிப் பெருங்காயத்தின் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "மதினி, இதுல கோதுமை மாவு போட்டிருக்கு" என்றாள்.

கட்டி சுத்தம் என்று நான் உங்களுக்குச் சொன்னேன். கட்டியும் கூட்டுப் பெருங்காயம்தான். கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம் என்று அந்த வரிசையில் அச்சிட்டிருக்கிறது. பொடி டப்பாவின் லேபிளைப் படிக்கச் சொன்ன நான் என் கையில் இருந்த உறையைப் படிக்கவில்லை. அப்பா கடைக் கட்டி மனதில் இருந்ததால் திருப்பிப் பார்க்கவே தோன்றவில்லை.

பையன் இப்போது பரவாயில்லை. ஊருக்குப் போய்விட்டார்கள்.

04-10-2024, காலை 6.20

தூக்கம் வரவில்லை. பழைய குறிப்புகளைத் திரும்பப் படித்தேன்.

ஜூன் 12ஆம் தேதி கட்டியை எரித்தபோது கருகின சப்பாத்தி வாசம் வந்தது என்று நானே எழுதியிருக்கிறேன். கரண்டியில் ஏதாவது ஒட்டியிருக்கும் என்று அதை ஒதுக்கியிருக்கிறேன். அது கட்டிக்குள் இருந்த கோதுமை. ஜூலையில் வற்றல் மாதிரி இரண்டு மடங்கு உப்புகிறது, உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கிறது என்று வியந்து எழுதினேன். உப்பினதில் கோந்துக்கும் மாவுக்கும்தான் பெரிய பங்கு.

கோதுமை ஆகாதவர்கள் யாராவது இந்த இழையைப் படித்திருந்தால், என் முதல் குறிப்பை நம்பிக் கட்டி வாங்கியிருந்தால், தயவுசெய்து உறையைப் பாருங்கள். கோதுமை மாவு என்றும் இருக்கலாம், மைதா என்றும் இருக்கலாம், இரண்டும் ஒன்றுதான். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். இவர்களுக்கு ஆகாதது கோதுமையில் இருக்கிற க்ளூட்டன் என்ற புரதம். "க்ளூட்டன் இல்லை" என்று போட்டிருந்தால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கணக்கு. ஹோட்டல் சாம்பார், ரசம், கடை ஊறுகாய், சாம்பார் பொடி, முறுக்கு, காராபூந்தி எதிலும் பெருங்காயம் இருக்கலாம். அரிசிப் பண்டம்தானே என்று கொடுத்துவிடாதீர்கள்.

முதல் குறிப்பில் அந்த வரியை அழிக்கவில்லை. கீழே இந்தத் தேதியைப் பார்க்கச் சொல்லிச் சேர்த்திருக்கிறேன்.

27-10-2024, பகல் 3.15

அரிசி மாவு சேர்த்த பொடி வாங்கிப் பார்த்தேன். மோசமில்லை. ஆனால் பையனுக்குப் பிடித்தது அந்தத் தண்ணீர் ஊற்றின ரசம். அதற்கு மாவே இல்லாத பெருங்காயம் வேண்டும். தீபாவளி லேகியத்துக்குச் சாமான் வாங்கப் போன நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் மேல் அலமாரியிலிருந்து கண்ணாடி பாட்டிலை இறக்கினார். திறந்ததும் பக்கத்தில் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பத்து கிராம்தான் வாங்கினேன். விலை, வழக்கமான கட்டியைப் போல் பல மடங்கு.

இது மெழுகும் வெல்லப்பாகும் சேர்ந்த மாதிரி இருக்கிறது. வெண்மையில் லேசான ரோஜா நிறம், நகத்தால் கீறினால் உள்ளே பளபளப்பு. பச்சையாக முகர்ந்தால் அழுகின பூண்டு நெடி, நல்ல வாசம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். விரலில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் கிள்ள முடிகிறது. இல்லாவிட்டால் விரலிலேயே தங்கிவிடும்.

கரண்டியில் ஒரு கடுகளவு வைத்துக் கொளுத்தினேன். கற்பூரம் மாதிரியே எரிந்தது. சப்பாத்தி வாசம் இல்லை.

நெய்யில் போட்டால் இது உப்பவில்லை. உருகி, நுரைத்து, நெய்யோடு கலந்து பழுப்பாகிறது. அந்த அழுகல் நெடி பத்து நொடியில் மாறி, வதங்கின வெங்காய வாசம் வருகிறது. கண்முன்னே மாறுவதைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது, மூன்று தடவை செய்தேன். தண்ணீரில் அரை மணி நேரத்தில் பால் மாதிரி வெளுத்துவிடுகிறது, அடியில் மண்டி கிட்டத்தட்ட இல்லை. என் பழைய கட்டியின் தண்ணீரில் அடியில் விரல்கனம் வெள்ளையாகத் தங்கும். அதையும் நான் பெருங்காயம் என்று கரைத்துக் கரைத்து ஊற்றியிருக்கிறேன்.

அளவுதான் பிடிபடவில்லை. முதல் நாள் மிளகளவு போட்டு ரசத்தைக் கீழே கொட்டினேன். இரண்டாம் நாள் அரை மிளகு, அப்போதும் கூடுதல்.

வைத்துக்கொள்வது பற்றி: கண்ணாடிச் சீசா, இறுக்கமான மூடி, அதை இன்னொரு எவர்சில்வர் டப்பாவுக்குள். அப்படியும் அலமாரியைத் திறந்தால் தெரிகிறது. காபிப்பொடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

30-10-2024, காலை 9.00

சின்னக் குழந்தைக்கு வயிறு உப்பினால் பால் பெருங்காயம் கொடுக்கலாமா என்று கேட்ட தங்கைக்கு: உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் பாட்டி வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவாள், வாயில் வைத்ததில்லை. குழந்தை விடாமல் அழுதால் டாக்டரிடம் போங்கள்.

19-01-2025, இரவு 9.45

பொங்கலுக்குத் தம்பி குடும்பம் வந்துவிட்டு இன்றைக்குத்தான் ரயில் ஏறினார்கள். வருவதற்கு முன்பே அடுக்களைச் சாமான் ஒவ்வொன்றின் லேபிளையும் படம் எடுத்துத் தம்பி பொண்டாட்டிக்கு அனுப்பினேன். ஊறுகாய் இரண்டை விலக்கச் சொன்னாள், விலக்கினேன்.

பையன் முதல் நாள் ரசத்தைத் தொடவில்லை. மோர் மட்டும் ஊற்றிக்கொண்டான். பால் பெருங்காயச் சீசாவை அவன் கையில் கொடுத்து, திறந்து பார் என்றேன். முகர்ந்துவிட்டு ஓடியே போனான். அப்புறம் அவனே வந்து, தண்ணீர் எப்படி வெள்ளையாகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தான். மறுநாள் அவன் கையாலேயே ரசத்தில் ஊற்றினான். அவனைக் கேட்காமல் இரண்டாவது தடவை பரிமாறினேன், சாப்பிட்டான். ஐந்து நாளும் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.

அளவு கேட்டிருந்தவர்களுக்கு இப்போது சொல்ல முடியும். பால் பெருங்காயம் ஒரு மிளகளவு எடுத்து அரை டம்ளர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறட்டும். அந்தத் தண்ணீரில் நாலு பேர் ரசத்துக்கு ஒரு டீஸ்பூன், ஒரு லிட்டர் நீர்மோருக்கு அரை டீஸ்பூன். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் மூடி வைத்து மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.